அபிஷேகத் தண்ணீர் குடித்த செடி

தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. செம்மணல், பனை, முந்திரி, உடைமரம். நடுவே ஓடு போட்ட ஒரு கட்டிடம், ஒரு லிங்கம், ஒரு கிணறு. மடம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மடத்தை நடத்தியவர் பட்டுக்கனி அம்மை. வயது நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். தாடியும் ஜடாமுடியும் எதிர்பார்த்து வருவார்கள். கிணற்றடியில் வெள்ளைச் சேலையோடு துணி துவைத்துக்கொண்டிருப்பவரிடமே போய், "சாமி எங்க இருக்காவ?" என்று கேட்பார்கள்.

"உள்ள இருக்காவ. போயிக் கும்பிடுங்க" என்று லிங்கம் இருக்கும் பக்கத்தைக் காட்டிவிட்டு அவர் துவைப்பதைத் தொடர்வார்.

இந்த வழிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், "பஸ்ஸுல" என்பார்.

சொரிமுத்து கார்த்திகை மாதத்தில் அங்கே வந்தார். வயது ஐம்பத்தாறு. உடன்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் ஒரு பூந்தொட்டியுமாக பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்து வந்தார்.

அம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். குருவே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற சீடர் வேறு எந்த மடத்திலும் இருந்திருக்க மாட்டார்.

தொட்டியில் இருந்தது பாலைவன ரோஜா. நர்சரிக்காரர்கள் அடினியம் என்பார்கள். அடித்தண்டு குட்டிப் பானை போல உப்பியிருக்கும். தண்ணீரை அதற்குள் சேர்த்து வைத்துக்கொண்டு மழையில்லாத காலத்தை அது பாட்டுக்கு ஓட்டிவிடும். வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். மற்றச் செடிகள் தலையைத் தொங்கப்போடும் சித்திரையில் இது இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும்.

விதை போட்டு அதை வளர்த்தது சொரிமுத்துவின் மகள் இந்துமதி. ஒரே மகள். கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அது நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"எனக்குக் காவி தாங்க, அம்மை" என்றார் சொரிமுத்து. தொட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வீட்டுல யாரு இருக்கா?"

"சம்சாரம் இருக்கா. ஜெயக்கொடின்னு பேரு."

"அவிய என்ன சொல்லுதாவ?"

கல்யாணமானவருக்குக் காவி தர வேண்டுமென்றால் வீட்டில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும். அது அந்த மடத்தின் சட்டம். சொரிமுத்து அங்கேயே நின்று போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரின்னுட்டா" என்றார்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன சொல்லணும், அம்மை? அதான் சரின்னுட்டாள்லா?"

அம்மை அவரையும் பார்த்தார், செடியையும் பார்த்தார்.

"தைப்பூசம் வரைக்கும் இங்கன இருங்க. பொறவு பாப்போம்."

சொரிமுத்து இருந்தார். கிணற்றில் தண்ணீர் இறைத்தார், முற்றம் பெருக்கினார், முந்திரிச் சருகு அள்ளினார். சும்மா உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. மடத்துச் சமையல் சண்முகவடிவுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது. அவளே, "செத்த இருங்க அண்ணாச்சி, பாக்க எனக்கே மூச்சு வாங்குது" என்பாள். அவர் கேட்க மாட்டார். உட்கார்ந்தால் மகள் ஞாபகம் வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

மார்கழி பிறந்தது. அம்மை தென்காசியில் நோய்ப்பட்டுக் கிடந்த ஒரு பழைய சீடரைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். மடத்தில் தினமும் விடியற்காலையில் அபிஷேகம் நடந்தது. பால், இளநீர், மஞ்சள், கடைசியில் குடம் குடமாகத் தண்ணீர்.

அபிஷேகத் தண்ணீரை யாரும் மிதித்துவிடக் கூடாது. அதனால் வெளியே வந்து விழுவதை வாளியில் பிடித்து, கால் படாத இடமாகப் பார்த்து ஏதாவது ஒரு செடியின் அடியில் ஊற்றுவார்கள். எல்லாக் கோயிலிலும் உள்ள வழக்கம்தான். இந்த மடத்தில் அது கிணற்றடி வில்வத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"வடிவு, அந்தத் தண்ணிய எம் மவ செடிக்கு ஊத்தட்டா?" என்று கேட்டார் சொரிமுத்து.

வடிவு கையிலிருந்த வாளியை அவரிடமே நீட்டினாள்.

"ஊத்துங்க அண்ணாச்சி. சாமி குளிச்ச தண்ணி. புள்ளைக்குப் போயிச் சேரட்டும்."

அன்றிலிருந்து வில்வத்துக்குச் சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை. வாளி நேராகத் தொட்டிக்குப் போனது. ஊற்றும்போது அவருடைய உதடு ஏதோ முணுமுணுக்கும். அது மந்திரமா, மகளோடு பேச்சா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவருக்கு நிம்மதி என்று ஒன்று கிடைத்தது அந்த நேரத்தில்தான்.

மார்கழி பாதியில் இலைகள் மஞ்சளாகின. காலையில் பார்த்தால் தொட்டியைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும்.

"இலை பழுக்குதே, வடிவு!"

"தாகமா இருக்கும் அண்ணாச்சி. நம்ம தேரிக்காத்து சும்மாவா? ஆளையே உறிஞ்சிரும். செடி எம்மாத்திரம்?"

சொரிமுத்து சாயங்காலமும் ஒரு வாளி ஊற்ற ஆரம்பித்தார். இலை உதிர்வது நிற்கவில்லை. சில நாளில் அடித்தண்டும் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"ஐயோ, தண்டே வத்திட்டு பாருங்க. எம்புட்டுத் தாகமோ" என்று வருத்தப்பட்டாள் வடிவு. அவர் மத்தியானமும் ஊற்றினார்.

மார்கழி முடிகிற சமயம் அம்மை திரும்பி வந்தார். பையை வைத்துவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இதுக்கு என்ன, அண்ணாச்சி?"

"தாகம், அம்மை."

"எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியுதே. இலை பூராவும் பழுத்து விழுந்துட்டு. தண்டு சுருங்கிட்டு. மூணு வேளை ஊத்துதேன். பத்தல."

அம்மை குந்தி உட்கார்ந்தார். தண்டைச் சுற்றியிருந்த மண்ணை விலக்கினார். கட்டைவிரலை அடித்தண்டில் வைத்து அழுத்தினார்.

விரல் உள்ளே போய்விட்டது. பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது. புளித்த பால் வாடை. பக்கத்தில் நின்ற வடிவு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"வடிவு, அரிவாமனைய விட்டுட்டு அந்தச் சின்னக் கத்திய எடுத்துட்டு வா."

"கத்தி எதுக்கு, அம்மை?" என்றார் சொரிமுத்து.

அம்மை செடியைத் தொட்டியிலிருந்து தூக்கினார். வேர் எல்லாம் கையோடு வந்தது. மண்ணில் சொதசொதவென்று ஈரம். கத்தி வந்ததும் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி எறிந்தார்.

"அம்மை! வேண்டாம்! எம் மவ செடி அது!"

"தெரியும்."

வெட்டிய இடம் பழுப்பாக இருந்தது. கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார். அதுவும் பழுப்பு. மறுபடி துடைத்து, மறுபடி வெட்டினார். சொரிமுத்து கத்தியைப் பிடுங்கக் கை நீட்டினார். வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேரெல்லாம் போய், பானை போன்ற அடியில் பாதிக்கு மேல் போன பிறகுதான் வெள்ளையாகச் சதை தெரிந்தது. அம்மை அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். கெட்டியாக இருந்தது.

மிஞ்சியது ஒரு கைப்பிடித் துண்டும் அதன் மேல் ஒரே ஒரு கிளையும்.

"சீக்கிரம் மண்ணுல வைங்க, அம்மை. செத்துரும்."

"இப்ப வச்சாத்தான் செத்துரும். வெட்டுன எடம் காஞ்சு தோல் மூடணும்."

"தண்ணி?"

"காட்டக்கூடாது."

சுவரில் விளக்கு வைக்கும் ஒரு மாடம் இருந்தது. வெயில் படாத இடம். அதில் துண்டைக் கிடத்தினார். பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். அந்தச் செடியின் பால் விஷம்.

சொரிமுத்து மணலில் உட்கார்ந்து அழுதார். மகள் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அன்று வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதும் தண்ணீர் கொடுப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தார். இன்று அரைகுறையாகச் செத்த ஒரு செடிக்காக வாய்விட்டு அழுதார். அம்மை பக்கத்தில் வந்து அவரும் மணலிலேயே உட்கார்ந்தார். அழ விட்டார்.

"நானே கொன்னுட்டேன், அம்மை. சாமி தண்ணியத்தான ஊத்துனேன்?"

"செடிக்கு எல்லாமே தண்ணிதான், அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"தாகத்துக்குத்தான இலை பழுக்கும்?"

"தாகத்துக்கும் பழுக்கும். அழுகினாலும் பழுக்கும்."

"தண்டு சுருங்குதது?"

"அதுவும் ரெண்டுக்குமே உண்டு."

"என்ன செடி இது! காஞ்சாலும் ஒரே மூஞ்சி, அழுகினாலும் ஒரே மூஞ்சி. பாக்குதவன் எப்படித்தான் கண்டுபிடிக்க?"

"நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்?"

அம்மை எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

தை பிறந்தது. சொரிமுத்து காலையில் எழுந்ததும் மாடத்துக்குப் போய் நிற்பார். வெட்டிய முகம் நாளாக ஆகக் காய்ந்து, மேலே மெல்லிய தோல் கட்டியது. தண்ணீர் காட்டாமல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஒருநாள் செம்பைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டார். வடிவு அதட்டித் திருப்பி அனுப்பினாள்.

பூசம் நெருங்கியது. வடிவு காவிக்கல்லைக் கரைத்து ஒரு வேட்டியை நனைத்துக் கொடியில் காயப்போட்டாள். அதைப் பார்த்ததும் சொரிமுத்து அம்மையிடம் போனார். அம்மை முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பூசம் வரப்போவுது, அம்மை. துணியும் நனைச்சாச்சு."

"வீட்டுல பேசுனியளா?"

"இல்ல. அவளுக்குப் பேச்சே பிடிக்காது."

"எப்பவுமே அப்படியா?"

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பவுமா? அவளும் மவளும் பேச ஆரம்பிச்சா கடைக்கு வந்தவியளுக்குச் சாமான் கெடைக்காது. நானும் வேலைய விட்டுட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"இப்ப?"

சிரிப்பு நின்றது.

"அந்தப் புள்ள போனதுலேர்ந்து வாயத் தொறக்கல. சோத்தப் போட்டு உக்காந்தா நாலு பருக்க. எந்நேரமும் சுவரப் பாத்துப் படுத்துக் கெடக்கா. ஆளே பாதியாயிட்டா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பா. அப்புறம் நானும் கேக்குதத விட்டுட்டேன்."

"ஏன்?"

"தனியா இருக்கணும்னு நெனக்கா, அம்மை. நான் பக்கத்துல போனா அவளுக்கு இன்னும் கஷ்டம். புள்ளைக்கு அப்படியே என் மூஞ்சி. என் மூக்கு, என் நெத்தி. என்னையப் பாக்குத நேரமெல்லாம் அவளுக்குப் புள்ள ஞாபகந்தான வரும்? நான் கண்ணுல படாம இருந்தா அவளாவது நிம்மதியா இருப்பா. அதுக்குத்தான் காவி கேக்கேன். இல்லன்னா எனக்கு எதுக்குக் காவி? எனக்கு அவள விட்டா வேற யாரு இருக்கா?"

இவ்வளவையும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மையின் கை முறத்திலேயே நின்றுவிட்டது. அம்மையின் முகமும் வாடிப்போயிருந்தது.

"தனியா இருக்கணும்னு அவிய நெனக்காவன்னு எப்படித் தெரியும், அண்ணாச்சி?"

"பாத்தா தெரியுதே, அம்மை."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே காதில் விழுந்தது.

அம்மை குனிந்து அரிசியில் கல் தேட ஆரம்பித்தார். சொரிமுத்து திரும்பி மாடத்தில் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, துணிப்பையைக்கூட எடுக்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தார். வடிவு பின்னாலேயே ஓடி, "எங்க போறிய அண்ணாச்சி? பூசத்துக்கு வந்துருவியளா?" என்று கத்தினாள். அவர் திரும்பவே இல்லை.

உடன்குடியில் கடை முன்னாலும் வீடு பின்னாலும் இருந்தன. கடையில் நின்ற மச்சினன் அத்தானைப் பார்த்ததும் திகைத்துப்போய், "வாங்க அத்தான்" என்று மட்டும் சொன்னான்.

கதவைத் திறந்தவள் ஜெயக்கொடி. இன்னும் இளைத்திருந்தாள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

சொரிமுத்து கூடத்தில் நின்றார். அடுப்படியில் அவள் முதுகு தெரிந்தது. பத்து அடி தூரம் இருக்காது. போய் அவள் தோளில் கை வைக்க வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தார். கால் நகரவில்லை. கட்டிய பெண்டாட்டி தோளில் கை வைக்க இந்த வயசில் இப்படி ஒரு பயம் வரும் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். தட்டிவிட்டாளானால்? அதன் பிறகு இந்த வீட்டில் அவருக்கு என்ன இருக்கிறது?

பயந்தவர் மாடிக்குப் போய்விட்டார்.

மாடிக் கதவு இறுகிப்போயிருந்தது. மகள் போன பிறகு அவரும் அங்கே வந்ததில்லை, ஜெயக்கொடியும் வந்ததில்லை. தோளால் இடித்துத் திறந்தார். கைப்பிடிச் சுவர் ஓரமாக இந்துமதியின் மற்றத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவர் மடத்துக்குக் கொண்டுபோனது ஒன்றுதான். அன்று அதுவும் வாசலில் இருந்ததால் கண்ணில் பட்டது. இவையெல்லாம் இரண்டு வருஷமாகப் பெய்த மழையைக் குடித்து, அடித்த வெயிலைத் தின்று கிடந்தன. ஒரு செடியிலும் இலை இல்லை. தண்டுகள் சாம்பல் நிறமாகச் சுருங்கியிருந்தன.

இதையும் விட்டுவிட்டோம் என்று நினைத்தார். அவருக்கு அழக்கூடத் தோன்றவில்லை. முதல் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மண்ணை விலக்கினார். அடித்தண்டில் கட்டைவிரலை வைத்தார். விரலை உடனே அழுத்தத் துணிவில்லை. பிறகு அழுத்தினார்.

விரல் உள்ளே போகவில்லை. காற்று இறங்கிய பந்து போல அமுங்கியது. சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் அமுங்கியது. குனிந்து மோந்து பார்த்தார். வெறும் மண் வாடை. நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை.

அடுத்த தொட்டி. அதுவும் அப்படியே. அடுத்தது. அதுவும்.

"கொடி!" என்று கத்தினார். "கொடி! கொடி!"

ஜெயக்கொடி பதறிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். கையில் காப்பி டம்ளர் அப்படியே இருந்தது.

"என்ன? என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"உயிரோட இருக்கு!"

"எது?"

"எல்லாம். ஒண்ணுகூடச் சாகல. தாகந்தான். வெறும் தாகந்தான். இங்க பாரு, நீயே பாரு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, அவள் கட்டைவிரலைத் தண்டில் வைத்து அழுத்தினார்.

அழுத்திய பிறகுதான் அவள் கையைப் பிடித்திருப்பது அவருக்கு உறைத்தது. எலும்பும் தோலுமாக, சில்லென்று இருந்தது அந்தக் கை. அவள் இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தார். இழுத்துக்கொள்ளவில்லை. அவர் விடவும் இல்லை.

ஜெயக்கொடியின் தோள் குலுங்கியது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு அவர் மார்பில் முட்டிக்கொண்டு அழுதாள்.

"எம்புட்டு நாளு" என்றாள். "எம்புட்டு நாளு நீங்க வந்து பக்கத்துல உக்காருவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ தனியா இருக்கணும்னு நெனச்சியேட்டி."

"நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லல."

"நீங்கதான் தனியா இருக்கணும்னு நெனச்சிய. எந்நேரமும் கடை, கடைன்னு ஓடுனிய. பொறவு செடியத் தூக்கிட்டு மடத்துக்குப் போயிட்டிய. போன்ல காவி வாங்கட்டாங்கிய. நான் என்ன சொல்ல? எம் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல போலன்னு சரின்னேன்."

"உம் மூஞ்சியா?"

"அவ சிரிச்சா என் சிரிப்புத்தான? உங்களுக்கு அது ஞாபகம் வரும்லா?"

இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்தருக்காக ஒருத்தர் முகத்தை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவருக்குத் தன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கொண்டுபோன செடி நல்லா இருக்கா?"

"அழுக வச்சிட்டேன்."

"என்னது?"

"அபிஷேகத் தண்ணிய ஊத்துனேன். மார்கழி பூராவும். மூணு வேளை."

ஜெயக்கொடி வாயைப் பிளந்தாள். "மார்கழிலயா? பனி நேரத்துல அது தூங்கும், சொட்டுத் தண்ணி காட்டக் கூடாதுன்னு அந்தப் புள்ள தொண்ட கிழியக் கத்துவாளே! இம்புட்டு நாளும் காதுல என்னத்த வச்சிருந்திய? அவ மட்டும் இருந்தான்னா இன்னைக்கு உங்கள உண்டு இல்லன்னு ஆக்கிருப்பா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகியது. அந்தச் சிரிப்பு மகளுடைய சிரிப்பேதான். சொரிமுத்து அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பார்க்க முடிந்தது.

"ஒரு துண்டு மிஞ்சியிருக்கு. மாடத்துல காயுது" என்றார்.

"நல்லாக் காயட்டும். பொறவு மணல்ல வச்சி விட்டுருவோம்" என்றாள் அவள். பிறகு கீழே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வத்திப்போனதுக்குப் பனியிலயும் ஒரு டம்ளர் காட்டலாம்னு அவளே சொல்லுவா" என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அளந்து ஊற்றினாள். அதற்கு மேல் ஊற்றப்போன அவர் கையைத் தட்டிவிட்டாள். அன்று அவரோடு உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே மகளைப் பற்றிப் பேசினாள்.

மறுநாள் காலையில் சொரிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை அம்மையிடம் சொல்லியாக வேண்டும். ஜெயக்கொடி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள்.

"அம்மைட்ட ஒரு எட்டு போயிச் சொல்லிட்டு ஓடியாந்துருதேன்" என்று செருப்பை மாட்டினார்.

"ரெண்டு தோசையத் தின்னுட்டுப் போனா என்ன?"

"வந்து திங்கேன்" என்றவர் தெருவில் இறங்கிவிட்டார். ஜெயக்கொடி தோசைத் திருப்பியோடு வாசல்வரை வந்து நின்றாள்.

மடத்துக்குப் போனதும் அவர் மாடத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்கு ஓடினார். அம்மை துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மை! தாகந்தான், அம்மை!"

அம்மை துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பேசுனாவளா?"

"பேசுனா. அழுதா. திட்டக்கூடச் செய்தா."

"திட்டுனாவளா? ரொம்ப நல்லது."

சொரிமுத்து ஈர மணலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார்.

"இனி நான் என்ன செய்யணும், அம்மை? அவள எப்படிப் பாத்துக்கிடணும்? எதப் பேசணும், எத விடணும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு தடவ தப்பாப் பாத்துட்டேன், இன்னொரு தடவ அப்படி ஆயிரக் கூடாது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, கடைசி வரைக்கும் அதையே பிடிச்சிக்கிட்டு இருந்துக்கிடுதேன்."

அம்மை துணியைப் பிழிந்தார். உதறினார். கொடியில் போட்டு ஓரத்தை இழுத்துவிட்டார்.

"காலையில சாப்பிட்டியளா, அண்ணாச்சி?"

"இல்ல, அம்மை. தோசை சுட்டுக்கிட்டு இருந்தா. வந்து திங்கேன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

"அப்ப அங்கன அவியளும் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாவ" என்றார் அம்மை.